தெரியலை சாரும் வயல்வெளிப் படமும்

படம் கைக்கு வந்ததும் அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் முதுகைப் பார்ப்பார். துணியின் இழை, சட்டத்தின் மரம், ஆணியின் துரு, ஆணியைப் பிடுங்கி மறுபடி அடித்த துளை, எந்தக் காலத்துக் குளவியோ கட்டிவிட்டுப் போன மண்கூடு என்று ஒவ்வொன்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். கடைசியில் குனிந்து ஒருமுறை மோந்தும் பார்ப்பார். படத்தைக் கொண்டுவந்தவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், படம் அந்தப் பக்கம் இருக்குங்க" என்பார். "இருக்கட்டும், எங்க போயிடப் போகுது" என்பார் இவர்.

ஊர் ஓவியக் கூடத்தில் அவருக்குப் பதவி ஆய்வாளர். சுவரில் மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு படத்தையும் பார்த்து, யார் வரைந்தது, எந்தக் காலத்தது, அசலா நகலா என்று சொல்ல வேண்டும். சம்பளம் அதற்குத்தான். ஆனால் வேலைக்குச் சேர்ந்த நாள்முதலாக அவர் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் "தெரியலை" என்பதுதான். தெரிந்தால் தெரியும் என்று சொல்லிவிடுவார். முக்கால்வாசி தெரிந்தாலும் தெரியலை என்பார். எல்லாம் கூடிவந்து ஏதாவது ஒரே ஒரு விஷயம் இடித்தாலும் அந்த ஒன்றின் பக்கம் போய் நின்றுகொள்வார். எதிரில் இருப்பவர் கரடியாகக் கத்தினாலும் அசைந்து கொடுக்கமாட்டார். அதனால் கூடத்தில் எல்லோருக்கும் அவர் 'தெரியலை சார்'. காதுபடவே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

வீட்டிலும் இதே கதைதான். "உப்பு போதுமா?" என்று மனைவி கேட்டால் ஒரு வாய் மென்று, இன்னொரு வாய் மென்று, கண்ணை மூடி யோசித்து, "தெரியலை" என்பார். ஜன்னலுக்குப் புதுத் திரைச்சீலை வாங்கிப் போட்டுவிட்டு நன்றாக இருக்கிறதா என்று கேட்டதற்கு, காலை வெளிச்சத்தில் ஒருமுறையும் சாயங்கால வெளிச்சத்தில் ஒருமுறையும் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்றுவரை சொல்லவில்லை, திரைச்சீலை வெளுத்தே போய்விட்டது. மனைவி தன் தங்கையிடம் போனில் சொல்வது இப்படி: "இவர்கிட்ட போய் நான் யாருன்னு கேட்டேன்னு வெச்சுக்க, முதுகைத் திருப்பிக் காட்டுன்னுதான் சொல்லுவார்."

பஞ்சு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். பழைய படங்களின் மேல் அடுப்புப் புகையும் தூசியும் ஈ உட்கார்ந்த கறையும் சேர்ந்து பழுப்பாக ஒரு படலம் கட்டியிருக்கும். அதை எடுக்க அவர் அறை அலமாரியில் மருந்துகள் பாட்டில் பாட்டிலாக இருக்கின்றன. ஆனாலும் அவர் முதலில் நம்புவது தன் நாக்கைத்தான். மெல்லிய குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் வைத்து நனைத்து, படத்தின் மூலையில் விரல்நுனி அளவு இடத்தில் மெல்ல உருட்டுவார். எச்சில் அழுக்கை இளக்கும், வண்ணத்தைத் தொடாது என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்கள் பலருக்கும் தெரிந்த சங்கதி. படத்தில் பட்ட பஞ்சு திரும்ப வாய்க்குப் போகாது. குச்சியோடு குப்பைக்குப் போகும், புதுக் குச்சி வரும். வந்து பார்க்கிறவர்கள் முகம் சுளித்தால் அவர் வாதாடுவதில்லை. வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தால் மதியத்துக்குள் கையகல வானத்தைச் சுத்தம் செய்துவிடலாம் என்பது அவர் கணக்கு. சட்டைப் பை, கால்சட்டைப் பை எங்கும் பஞ்சு. துணி துவைக்கும் நாளில் வீட்டுத் துணிகள் எல்லாம் வெள்ளை முடி முளைத்துக் கொடியில் தொங்கும். "வீட்டுக்கு வந்தா ஏன் ஒரு வார்த்தை பேசமாட்டேங்கறார்னு இப்பத்தானே புரியுது, நாக்கை ஆபீஸ்லயே தீர்த்துட்டு வந்துடறார்" என்பதும் மனைவி சொன்னதுதான்.

கூடத்தின் இயக்குநர் ஓர் அம்மாள். சுறுசுறுப்பின் மறுபெயர். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய சாவிக்கொத்தின் சத்தம் வந்துவிடும். நல்லவர்தான், ஆனால் எதையும் இன்றைக்கே முடிக்க வேண்டும் என்பவருக்கும் எதையும் முடிக்காமல் முகர்ந்துகொண்டிருப்பவருக்கும் ஒரே கூரையின் கீழ் எப்படி ஒத்துப்போகும். முன்பெல்லாம் பெயர் தெரியாத படங்களையும் சுவரில் மாட்டி, அடியில் ஒரு சீட்டில் 'ஓவியர்: தெரியவில்லை' என்று எழுதி வைப்பது வழக்கமாக இருந்தது. ஒருநாள் பார்வையாளர் ஒருவர் நேராக இயக்குநர் அறைக்கு வந்துவிட்டார். "ஓவியர் தெரியவில்லைன்னு எழுதிப் போட்டிருக்கீங்க. எனக்கு ஓவியமே தெரியலைங்க. ஒரு லைட்டைப் போட்டா ரெண்டு பேரையும் பார்த்துட்டுப் போயிடுவேன்" என்றார். மனிதர் கிண்டல் செய்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று இயக்குநருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அன்றைக்கே உத்தரவு போட்டார்: பெயர் இல்லாத படத்துக்கு இனிமேல் சுவர் இல்லை. ஆய்வு முடிந்ததும் அது கீழறைக்குப் போக வேண்டியது.

கீழறை என்பது படிக்கட்டுக்கு அடியில், தண்ணீர்க் குழாய்கள் ஓடும் இடம். அங்கே சுவர் வியர்க்கும். உள்ளே போன படம் எதுவும் திரும்பி வந்ததில்லை என்று சொல்ல முடியாது, ஒன்று வந்தது. பூசணம் பூத்து, படத்திலிருந்த பெண்மணிக்குத் தாடி முளைத்திருந்தது. அதைப் பார்த்த அன்று தெரியலை சார் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை.

இந்த நிலைமையில்தான் பல் டாக்டரின் படம் வந்து சேர்ந்தது.

பல் டாக்டர் வயதானவர். அவருடைய அப்பாவும் பல் டாக்டர். அப்பா காலத்திலிருந்து அவர்கள் ஆஸ்பத்திரியில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் அந்தப் படம் மாட்டியிருந்தது. இப்போது மருமகளும் பல் டாக்டராகி, அந்த இடத்தில் டி.வி. மாட்டிவிட்டாள். "அப்பா ஞாபகமா இங்க இருக்கட்டும். பெரிய ஆள் யாரோ வரைஞ்சதுன்னு அப்பா அடிக்கடி சொல்லுவார். யாருன்னு மட்டும் சொல்லாமலே போயிட்டார்" என்று சொல்லிப் படத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்.

தெரியலை சார் வழக்கம்போல முதுகில் தொடங்கினார். முதுகில் ஒன்றும் இல்லை. பெயர் இல்லை, தேதி இல்லை, கடை முத்திரை இல்லை. இரண்டு நாள் கழித்துப் படத்தைத் திருப்பி ஜன்னலுக்கு எதிரில் தாங்கியில் வைத்தார். வைத்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதன்பிறகு வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

பெரிய காட்சி ஒன்றும் இல்லை. மழை விட்டுப்போன வயல்வெளி. வண்டித்தடத்தில் தண்ணீர் தேங்கி, அதில் ஒரு துண்டு வானம். தூரத்தில் ஒரு வீடு. வீட்டுக்குப் பக்கத்தில் கொடியில் துணி காய்கிறது. மழை வரும் என்று எடுத்து, விட்டதும் திரும்பப் போட்ட துணி என்று எப்படியோ தெரிகிறது. வாசலில் ஒரு பெண், ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே. போகிறாளா வருகிறாளா என்று சொல்ல முடியாது. எல்லாவற்றின் மேலும் தேத்தண்ணீர் நிறத்தில் அழுக்கு. கீழ்ப்பக்க வலது மூலை அழுக்கில் முற்றிலும் மூழ்கிவிட்டது. ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்த மனிதர் அவர். எந்தப் படத்திலும் போய் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில்லை. இந்தப் படத்துக்குள் போய், அந்த வண்டித்தடத்தின் ஓரமாக, காலில் சேறு படாமல் நடந்துபோக வேண்டும் என்று இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், அவருக்கே சிரிப்பாகத்தான் இருந்தது.

பெயர் கிடைக்காவிட்டால் இதுவும் கீழறைக்குத்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பெயர் கிடைத்தால் தேவலை என்று மனதார விரும்பினார். பூதக்கண்ணாடி, சாய்த்துப் பிடித்த விளக்கு எல்லாவற்றையும் வைத்துத் தேடினார். பெயர் இல்லை.

பல் டாக்டருக்குப் போன் போட்டார். "டாக்டர், பேர் தெரியலை" என்றார்.

"எந்த மூலையில?" என்றார் டாக்டர்.

"எந்த மூலையிலயும் தெரியலை."

"அதெப்படிங்க தெரியாமப் போகும், நான் வரேன்" என்று டாக்டர் போனை வைத்துவிட்டார்.

வந்தவரைப் பார்த்துத் தெரியலை சார் எழுந்து நின்றுவிட்டார். நெற்றியில் விளக்கு, ஒரு கையில் நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி, இன்னொரு கையில் தோல் பை. அந்த மனிதர் 'தெரியலை' என்பதைக் கண்ணுக்குத் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டு, தெரிய வைக்க வந்திருக்கிறார். "பேர் யாருன்னே தெரியலைன்னு சொன்னேன், டாக்டர்" என்று இவர் விளக்கினார். "அதைத்தானே நானும் சொல்றேன். தெரியலைன்னா வெளிச்சம் போட்டுப் பார்க்கறதுதானே" என்று டாக்டர் படத்தின் எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நெற்றி விளக்கைத் தட்டினார். "கொஞ்சம் இப்படித் திரும்புங்க" என்றார். படத்தைத்தான் சொல்கிறார் என்று புரிய இவருக்குச் சற்று நேரமாயிற்று.

குட்டிக் கண்ணாடியை வலது மூலைக்குக் கொண்டுபோய்ப் பார்த்த டாக்டர், "காரை கட்டியிருக்கு. ஒரு சுரண்டு சுரண்டினாப் போதும்" என்று பையிலிருந்து வளைந்த கொக்கி ஒன்றை எடுத்தார். தெரியலை சாருக்கு உயிர் போய் உயிர் வந்தது. பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர், இது பல் இல்லை. சுரண்டினா வயலே வந்துடும்."

"அப்புறம் எதை வெச்சு எடுப்பீங்க?"

தெரியலை சார் தயங்கினார். யாரிடமும் கூச்சப்படாதவர், இவரிடம் கூச்சப்பட்டார். "எச்சில்தான்" என்றார்.

டாக்டர் நெற்றி விளக்கை அணைத்தார். "எச்சிலா" என்றார். "பிழைப்பே அதைத் துப்பச் சொல்றதுதான், எனக்கும் எங்கப்பாவுக்கும். அதை வெச்சு இப்படி ஒரு வேலை நடக்குதுன்னு ஒருத்தரும் சொல்லலையே." குச்சியைக் காட்டச் சொன்னார். பஞ்சைத் தொட்டுப் பார்த்தார். தானும் செய்து பார்க்க ஆசைப்பட்டுப் பஞ்சை நாக்கில் வைத்தார். பயத்தில் அவருக்கு வாய் காய்ந்து கிடந்தது. "என்கிட்ட வர்றவங்களுக்கும் இப்படித்தான் இருக்கும்போல" என்று சொல்லிக் குச்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். துடைத்தது தெரியலை சார்தான். பின்னாலிருந்து வெளிச்சம் காட்டியது டாக்டர்.

ஏழெட்டுக் குச்சிகள் குப்பைக்குப் போனபின் பழுப்பு இளகியது. மூலையில் ஒரு கோடு வந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி இன்னொரு கோடு. இரண்டையும் அடியில் இணைத்து ஒரு படுக்கைக் கோடு. டாக்டர் முக்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "ப" என்றார்.

ப-தான். யார் பார்த்தாலும் ப என்றுதான் சொல்வார்கள்.

தெரியலை சார் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் வராந்தாவுக்குப் போய் இயக்குநரைக் கூப்பிட்டுவிட்டார். சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. அம்மாள் வந்து பார்த்தார். பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. காரணம் இருந்தது. அந்தப் பக்கத்து ஓவியர்களில் 'ஒற்றை எழுத்துக்காரர்' என்று ஒருவர் இருந்தார். தன் படங்களில் முழுப் பெயரையும் எழுதாமல் 'ப' என்று மட்டும் போடுவார். இருந்தவரைக்கும் அவரை ஒருவரும் சீந்தவில்லை. போன பிறகு ஆளாளுக்குத் தேடுகிறார்கள். அவருடைய வயல்வெளி ஒன்று கிடைத்தால் எந்தக் கூடமும் நடுச்சுவரை ஒதுக்கிவிடும்.

"நடுச்சுவர் தரேன் சார். இப்பவே ஆணி அடிக்கச் சொல்றேன்" என்றார் இயக்குநர். "ஒற்றை எழுத்துக்காரர்னு எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

"அப்பா சொன்னது பொய்யில்லை" என்றார் டாக்டர்.

தெரியலை சார் மட்டும் ப-வையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒற்றை எழுத்துக்காரரின் ப மெலிந்தது. எழுதிய வேகத்தில் வலதுகால் சற்று வெளியே சாய்ந்திருக்கும். இந்த ப தடியாக, ஆடாமல் அசையாமல் நின்றது. அடியில் நிழல் வேறு. எழுத்துக்கு எதற்கு நிழல் விழ வேண்டும்? தவிர, ப-வுக்கு இடதுபக்கம், இன்னும் துடைக்காத அழுக்குக்குள், கறுப்பாக ஏதோ ஒன்று இருந்தது. அதற்குக் காது மாதிரி ஒன்று இருந்தது.

"மேடம், இன்னும் கொஞ்சம் துடைக்கணும்" என்றார்.

இயக்குநர் அவரைப் பார்த்தார். அழுக்கைப் பார்த்தார். விவரம் தெரிந்தவர், மூலையில் ஏதோ இருக்கிறது என்று அவருக்கும் பட்டிருக்கும். "எதுக்கு சார்? வந்தவரைக்கும் போதும். மிச்சத்தை அப்படியே விட்டா பழசுங்கற களை இருக்கும்" என்றார்.

"நாளைக்குச் சொல்றேன், மேடம்."

அன்று அவர் கூடத்திலிருந்து நேரத்திலேயே கிளம்பிவிட்டார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். அவர் தானாக ஒரு விஷயத்தைச் சொல்வதே அபூர்வம் என்பதால் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். முழுக்கக் கேட்டாள்.

"நீங்க ஒண்ணும் பொய் சொல்லலையே. ப-ன்னு டாக்டர் சொல்றார், அந்தம்மா சொல்றாங்க. மேற்கொண்டு துடைக்காம சும்மா இருந்தாப் போதும். நடுச்சுவர்ல நிம்மதியா இருந்துட்டுப் போகுது" என்றாள்.

"ம்."

"துடைச்சா?"

"எழுத்து இல்லைன்னு ஆயிடும்னு நினைக்கிறேன். அப்புறம் கீழறைதான்."

மனைவி கொஞ்சம் யோசித்தாள். கேட்டுப் பயனில்லை என்று தெரிந்தும் கேட்டாள். "படம் நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார் அவர்.

மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதரிடம் 'நல்லா இருக்கா' என்று எதை எதைக் காட்டிக் கேட்டிருப்பாள். காலை வெளிச்சம், சாயங்கால வெளிச்சம் எதையும் எதிர்பார்க்காமல், கேட்டு வாய் மூடுவதற்குள் பதில் வந்தது இதுதான் முதல் தடவை. அவளுக்குப் படத்தின்மேல் லேசாகப் பொறாமையே வந்தது. "அப்படி என்னதான் இருக்கு அதுல?" என்றாள். அவர் சொன்னார். வண்டித்தடத்தைச் சொன்னார், தண்ணீரில் இருக்கும் வானத்தைச் சொன்னார், கொடியில் துணியைச் சொன்னார். வாசலில் நிற்கும் பெண்ணைச் சொல்லும்போது, "போறாளா வர்றாளான்னு தெரியலை" என்றார். அந்த ஒரு 'தெரியலை'யை மட்டும் அவர் ஆசையாகச் சொன்னதுபோல் இருந்தது மனைவிக்கு.

"பேசாம அப்படியே விட்டுடுங்க" என்றாள். "பாவம் அந்தப் பொண்ணு. அதைப் போய் ஈரத்துல போடறதா?"

அவரும் அப்படியே விட்டுவிடுவது என்றுதான் முடிவு செய்தார். மறுநாள் காலை படியேறும்போதும் அந்த முடிவில்தான் இருந்தார். நடுச்சுவரில் ஆணி அடித்தாகிவிட்டது. போகிற போக்கில் பார்த்தார். அறைக்கு வந்து, விளக்கைப் போட்டு, பேனாவைத் திறந்து, காகிதத்தில் 'ஒற்றை' என்று எழுதினார். எழுதிவிட்டு ஒருமுறை படத்தைப் பார்த்தார். அந்தக் காது அவரைப் பார்த்தது.

யாரோ ஒரு மனிதன், பெயர் போட்டுக்கொள்ளாத ஒருவன், மெனக்கெட்டு ஒரு காதை வரைந்திருக்கிறான். காது இருந்தால் தலை இருக்கும், தலை இருந்தால் உடம்பும் இருக்கும். அதையெல்லாம் அழுக்கில் புதைத்துவிட்டு வேறு எவனுடைய பெயரையோ மேலே எழுதி மாட்டுவதா? சுவருக்காக மொத்தப் படத்தையும் பொய்யாக்கினாலும் பொறுத்துக்கொண்டிருப்பார்போல. உயிரோடு இருக்கும் ஒரு ஜீவனைப் புதைக்க மனம் வரவில்லை. பேனாவை மூடினார். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். பஞ்சை எடுத்தார்.

இயக்குநரும் டாக்டரும் வந்தபோது வேலை முடிந்திருந்தது. டாக்டர் கையில் அப்பாவின் புகைப்படம். படத்துக்குப் பக்கத்தில் மாட்டலாமா என்று கேட்பதற்காகக் கொண்டுவந்திருந்தார். அம்மாள் குனிந்து மூலையைப் பார்த்தார். நிமிர்ந்து சாரைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"எழுத்து எங்க சார்?"

"தொட்டியாயிடுச்சு, மேடம்."

தண்ணீர்த் தொட்டிதான். இரண்டு பக்கச் சுவர், ஒரு தரை. அதன் விளிம்பில் மூக்கை வைத்துக்கொண்டு ஒரு கன்றுக்குட்டி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு காது முன்னால், ஒரு காது பின்னால். பின்னாலிருந்த காது வீட்டு வாசல் பக்கம் திரும்பியிருந்தது. அங்கிருந்து அந்தப் பெண் அதைக் கூப்பிட்டிருக்கிறாள். போகவும் இல்லை, வரவும் இல்லை. கன்றுக்குட்டி வருகிறதா என்று நின்று பார்க்கிறாள். மூலை இருட்டில் இருந்தவரை அவள் யாருக்குமே விளங்காமல் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறாள்.

இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் விளக்கைக்கூடப் போடாமல் முகத்தைப் படத்தருகே கொண்டுபோனார். அப்பாவின் புகைப்படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இதுக்கு இன்னும் பால் பல்லுதான் இருக்கும்" என்றார் கடைசியில். பிறகு, "எத்தனை பேர் தாடையைப் பிடிச்சுக்கிட்டு இதுக்கு முன்னாடி உக்காந்திருப்பாங்க. ஒருத்தருக்கும் இது தெரியலை பாருங்க" என்றார். எந்தத் தெரியலை என்று இந்தத் தடவை யாருக்கும் குழப்பம் இல்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் இயக்குநர். அவருக்கும் கண் அங்கேயே போய்க்கொண்டிருந்தது. "ஆனா உத்தரவு போட்டது நான். நானே அதை மீறினா நாளைக்கு ஒருத்தரும் மதிக்கமாட்டாங்க. மேலிடத்துலயும் அதை அப்படியே விதியாக்கிட்டாங்க. ஆய்வு முடிஞ்சா கீழறைதான் சார். நான் என்ன பண்ண?"

தெரியலை சார் அந்த வாக்கியத்தை உப்பு பார்க்கிற மாதிரி ஒருமுறை மென்றார், இன்னொருமுறை மென்றார்.

"ஆய்வு முடிஞ்சாத்தானே, மேடம்?" என்றார்.

"ஆமா."

"முடியலையே."

அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அப்ப முடிச்சிட்டுச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எதையும் இன்றைக்கே முடிக்கச் சொல்பவர், தேதி எதுவும் சொல்லவில்லை.

இரண்டு மழைக்காலம் போய்விட்டது. படம் இன்னும் தாங்கியில்தான் இருக்கிறது. வடக்கு ஜன்னலின் வெளிச்சம் அதற்கு நன்றாகப் பொருந்துகிறது. டாக்டர் வாராவாரம் 'செக்கப்' என்று சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார். மனைவி ஒருநாள் வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று அவள் சொன்னதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைத் தங்கையிடம் ஒருமணி நேரம் போனில் சொன்னாள். இயக்குநர் சாயங்கால டீயை இங்கே வந்து குடிக்கிறார். ஆய்வைப் பற்றி அவர் கேட்பதில்லை.

போன வாரம் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தேங்கிக் கிடக்கும் வேலைகளைப் பார்க்க வந்தவர். அறை அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் இந்தப் படத்தின் முன்னால் நின்றார். படம் கண்ணாடிபோலப் பளிச்சென்று இருந்தது.

"இது ஏன் இவ்வளவு நாளா இங்கயே இருக்கு? இதுல பார்க்க இன்னும் என்ன இருக்கு?"

இயக்குநரின் சாவிக்கொத்துகூடச் சத்தம் போடவில்லை. அவர் தெரியலை சாரைப் பார்த்தார். சார் தன் ஆயுசில் தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொன்னதில்லை. இல்லாத ஒன்றை இருக்கிறது என்றும் சொன்னதில்லை.

"இன்னும் கொஞ்சம் அழுக்கு இருக்குங்க" என்றார் அவர். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பையிலிருந்து குச்சியை எடுத்தார். எப்போதோ சுத்தமாகிவிட்ட அந்த வானத்தில், நாக்கில் வைக்காத காய்ந்த பஞ்சை மெல்ல உருட்டத் தொடங்கினார்.